கிழக்குப் பனையில் கட்டிய கம்பி

பனை ஏறுகிறவர் கூவிவிட்டுத்தான் ஏற வேண்டும். எங்கள் ஊரில் அதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கூவாமல் ஏறியவன் மறுநாள் அந்தத் தெரு வழியாக நடக்க முடியாது. வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் குளிக்கும் இடம் வெறும் ஓலை மறைப்புதான். நான்கு பக்கமும் ஓலை, மேலே வானம். பனையில் பாதி உயரம் போனவருக்கு அக்கம்பக்கத்து மறைப்புகளுக்குள் கண் போய்விடும். அதனால் அடியில் நின்று காலில் தளைநாரை மாட்டும்போதே, "ஏறுதேன்... ஏறுதேன்..." என்று நீட்டிக் கூவுவார்கள். குளித்துக்கொண்டிருப்பவள் சேலையைச் சுற்றிக்கொண்டு சுவரோரமாக ஒதுங்குவாள். இறங்கும் வரை ஒரு இருமலோ பாட்டோ மேலேயிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். ஆள் இன்னும் மரத்தில்தான் இருக்கிறார் என்பதற்கு அது அடையாளம்.

கூவாமல் உயரத்தில் ஏறி நின்றது எங்கள் வீட்டு ரேடியோக் கம்பி ஒன்றுதான். அதை எந்த மரத்தில், எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது என்று முடிவாவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்த வருஷமும் அதற்குப் பிறகும் நான் என் வீட்டுக்காரரை நம்பவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைகிற காற்று நாகர்கோவிலுக்குப் போகும் வழியில் எங்கள் ஊரை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுத்தான் போகும். எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலந்தான் ஆகியிருந்தது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்தவள். அங்கேயே லேஸ் பின்னவும் கற்றுக்கொண்டேன். பகல் முழுவதும் தலையணையில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பேன். யாரோடும் அதிகம் பேசமாட்டேன். ஆலயத்தில் பாட்டுப் பாடும்போது என் வாய் அசையும், சத்தம் வராது என்று பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அது உண்மைதான். நாலு பேர் இருக்கும் இடத்தில் என் சத்தம் எனக்கே அந்நியமாகக் கேட்கும்.

என் வீட்டுக்காரர் நாகர்கோவிலில் ஒரு மோட்டார் பஸ் ஷெட்டில் பாட்டரி பார்க்கும் வேலையில் இருந்தார். அதற்கு முன்னால் ஏழு வருஷம் கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடையில் இருந்தவர். மீசை அரும்பும் முன்னே போனவர், என்னைக் கட்டுவதற்காகத்தான் திரும்பி வந்தார். அமைதியான மனிதர். கேட்டதற்குப் பதில் சொல்வார். கேட்காததைச் சொல்லமாட்டார். அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் என் அப்பா பெண் கொடுத்தார். பிற்பாடு அந்தக் குணம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பிப் போகும்போது விற்றுவிட்டுப் போன ரேடியோப் பெட்டி ஒன்றை என் வீட்டுக்காரர் ஒருநாள் மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். தேக்குப் பலகைப் பெட்டி, முன்னால் மூன்று திருகு. ஊரில் மின்சாரம் கிடையாது. ஷெட்டில் சார்ஜ் பண்ணிய பாட்டரியில்தான் அது ஓட வேண்டும். பெட்டி வந்துவிட்டது, உடனே பாடும் என்று நான் நினைத்தேன்.

"பெட்டி கிடக்கட்டும். கம்பிதான் இதுக்குக் காது. காது சரியில்லைன்னா இது வெறும் பலகை" என்றார் அவர்.

அந்தக் காதைத் தேடி அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைக்காரன் வேலிக்குக் கட்டுகிற கம்பியை மினுக்கித் தந்து செம்பு என்றானாம். இவர் பேனாக்கத்தியால் சுரண்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏழு இழை சேர்த்து முறுக்கிய செம்புக் கம்பியாகப் பார்த்து வாங்கி வந்தார். கூடவே முட்டை போல இருக்கும் பீங்கான் குண்டுகள். கம்பியின் இரண்டு நுனியிலும் அதைக் கோத்த பிறகுதான் மரத்தில் கட்ட வேண்டும், கம்பி மரத்தையோ ஓலையையோ தொடக் கூடாது, தொட்டால் பிடித்த சத்தம் மரம் வழியாக மண்ணுக்கு இறங்கிவிடும் என்று சொன்னார். ஜன்னலுக்கு வெளியே ஒரு இரும்புக் குழாயை மண்ணில் அடித்து, அதன் தலையில் பெட்டியிலிருந்து வந்த இன்னொரு கம்பியைக் கட்டினார். அந்த இடம் ஈரமாகவே இருக்க வேண்டுமாம். அரிசி கழுவிய தண்ணீரை அங்கே ஊற்றுவது என் வேலையாயிற்று.

இனி மரம். வடக்கே எங்கள் சொந்தப் பலா நின்றது. குட்டை மரம், இலை அடர்த்தி. கிழக்கே, வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு அக்காவின் பனை. எங்கள் ஊரிலேயே உயரமான பனை அது. சுற்றிலும் வேறு மரம் இல்லை.

"உசரம்தான் முக்கியம். அந்தப் பனை கிடைச்சா மெட்ராஸும் விழும். கொழும்பு இன்னும் நல்லா விழும்" என்றார்.

கொழும்பு என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று நான் அன்று பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அக்காவிடம் அவரே போய்க் கேட்டார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அக்கா ஆடு தின்னக் குழைக் கொத்து கட்டிக்கொண்டிருந்தாள். தனியாள். வாய்க்குப் பயந்து ஊரே ஒதுங்கி நடக்கும்.

"கம்பியில்லாத் தந்தின்னுல்லா ஊரெல்லாம் சொல்லுதாவ. கம்பி இல்லைன்னா எனக்க பனையில என்னத்தக் கெட்டப் போற?" என்றாள்.

"கம்பி இல்லாம வருது அக்கா. வந்ததைப் பிடிக்கதுக்குக் கம்பி வேணும்."

"நல்லா இருக்கு கதை. இண்ணைக்கு நீ கம்பி கெட்டுவ. நாளைக்கு உனக்க பிள்ளை வந்து, இது எங்கப்பன் கம்பி கெட்டின மரம்னு சொல்லுவான். அடுத்தாப்புல மரத்துக்க அடியில உள்ள மண்ணும் எங்களுக்குன்னு சொல்லுவான்."

"எங்களுக்குப் பிள்ளையே இல்லையே அக்கா."

"வரும். மரம் அங்கதான நிக்கும்?"

அவர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்துவிட்டார். அக்கா சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் வேலி ஒரு முழம் நகர்ந்த வழக்குகள் அப்பன் காலத்தில் தொடங்கி மகன் காலத்தில் முடியும்.

மறுநாள் நான் துணி காயப்போடும்போது அக்கா வேலியருகே வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் குரலைத் தாழ்த்தி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"ஏட்டி, உனக்க ஆளுக்குக் கொழும்பு எதுக்கு அவ்வளவு நல்லாக் கேக்கணும்?"

"பாட்டு வருமாம் அக்கா."

"பாட்டு மெட்ராஸ்ல வராதா? ஏழு வருசம் அங்க இருந்தான்லா?"

"கடையில இருந்தாவ."

"எனக்க ஆளும் கடையிலதான் இருந்தாரு" என்றாள் அக்கா.

அவள் கதை ஊருக்கே தெரியும். கல்யாணமான மறுவருஷம் கொழும்புக்குப் போன அவள் புருஷன் முதலில் மாதாமாதம் பணம் அனுப்பினான், பிறகு பெருநாளுக்குப் பெருநாள், பிறகு ஒன்றும் இல்லை. அங்கே ஒரு சிங்களத்தியோடு குடும்பமாக இருக்கிறான், பிள்ளையும் உண்டு என்று வந்தவர்கள் சொன்னார்கள். அக்கா தாலியைக் கழற்றவும் இல்லை, அவனைத் தேடிப் போகவும் இல்லை. ஆடு வளர்த்தாள்.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு அரிப்பு தொடங்கியது. ஏழு வருஷம். ஒருமுறைகூட ஊருக்கு வராமல் ஏழு வருஷம். கடைப் பையன்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து போவார்களே, இவர் ஏன் வரவில்லை? நான் கேட்கவில்லை. கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்? என் அப்பா அதற்குள் இறந்துவிட்டார். அண்ணன் வீட்டில் ஏற்கெனவே இடமில்லை. எனக்கு இருந்தது இந்த வீடும் இந்த மனிதரும்தான். இவருக்கு அங்கே இன்னொரு வீடு இருந்தால், நானும் வேலிக்கு அந்தப் பக்கத்து அக்காவும் ஒன்று.

அதனால் வேறு வழியில் சோதித்துப் பார்த்தேன். சாப்பாடு போடும்போது, "கம்பியை வடக்க பாத்து நம்ம பலாவுலயே கெட்டினா என்ன? மெட்ராஸ்ல நல்ல பாட்டு வருமாம்" என்றேன். மறுப்பார் என்று நினைத்தேன். மறுத்தால் சந்தேகம் உறுதி.

"சரி, அங்கயே கெட்டுவோம்" என்றார் உடனே.

அவ்வளவு சீக்கிரம் சரி என்றது எனக்கு அதைவிடப் பிடிக்கவில்லை. மறைக்க எதுவும் இல்லாதவன் கொஞ்சமாவது வாதாடுவான். இவர் ஏன் வாதாடவில்லை?

எங்களுக்குப் பனை ஏறுகிற அண்ணன் ஒருவர்தான் கம்பி கட்ட வந்தார். பலாவின் உச்சிக் கிளையில் ஒரு நீள மூங்கிலை நட்டுக் கட்டி, அதன் நுனியில் கம்பியை மாட்ட வேண்டும். பீங்கான் குண்டைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"இந்த முட்டையை எந்தக் கோழி இட்டுது பிள்ளே? அடை வச்சாப் பொரிக்குமா?"

என் வீட்டுக்காரர் சொன்னார், "பொரிக்கும் அண்ணே. குஞ்சு இங்கிலீஷ் பேசும்."

அண்ணன் பலாவின் அடியில் நின்று வழக்கம்போலக் கூவினார். பலாவுக்கு எதற்குக் கூவல் என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது. "இதுல கூவாம விட்டா நாளைக்குப் பனையிலயும் மறந்திருவேன் பிள்ளே. மறந்தா உனக்க அக்கா எனக்க காலை முறிச்சிருவா" என்றார். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ரெண்டு காலையும்" என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் என் வீட்டுக்காரர் திருகைத் திருப்பினார். முதலில் எண்ணெய்ச் சட்டியில் வெங்காயம் போட்ட மாதிரி ஒரு இரைச்சல். அதற்குள்ளே எங்கேயோ ஒரு ஆள் கிணற்றுக்குள் இறங்கி நின்று பேசுவது போல மெட்ராஸ். ஒரு வார்த்தை பிடித்தால் அடுத்தது நழுவியது. அவர் இன்னும் கொஞ்சம் திருப்பினார். இரைச்சல் சட்டென்று விலகி ஒரு வாத்தியம் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், புரியாத பாஷை.

"கொழும்பு" என்றார்.

வடக்கே பார்த்துக் கட்டியும் முதலில் வந்தது கொழும்புதான். "கடலுக்கு அந்தாலதான இருக்கு. மெட்ராஸ் தூரமில்லா? கம்பி எந்தப் பக்கம் போனாலும் கிட்ட உள்ளதுதான் முதல்ல கேக்கும்" என்றார். எனக்கு அது நம்பும்படியாக இல்லை. மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு, ஜன்னலில் தொடங்கி மூங்கில் வரை அந்தக் கம்பியைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே நடந்தேன். எங்கேயாவது கிழக்கே பிரிந்து போகிறதா என்று பார்த்தேன். கம்பி ஒழுங்காக வடக்கேதான் போயிற்று. பலா மரம் என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

பெட்டி ஓடும் நேரமெல்லாம் நான் லேஸ் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்ப்பேன். தமிழ்ப் பாட்டு வந்தால் கேட்பார். இங்கிலீஷ் வந்தால் திருப்பிவிடுவார். சிங்களம் வந்தால் திருப்பமாட்டார். ஒருநாள் சிங்களத்தில் இரண்டு பேர் ஏதோ வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்கள். அவர் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். என் கையிலிருந்த நூல்கட்டை நழுவி நூல் சிக்கிக்கொண்டது.

"என்ன சொன்னாவ?"

"மருமவன் மாமியார் வீட்டுக்குப் பலாப்பழம் கொண்டு போற கதை. சொன்னாச் சிரிப்பு வராது, அவங்க பேசுற மாதிரி கேட்டாத்தான்."

இதை அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் எனக்கு வேறு யார் இருந்தார்கள்? அவள் குழையை ஆட்டின் வாயிலிருந்து விடுவித்துக்கொண்டே யோசித்தாள்.

"கடைச் சிங்களம் எனக்கும் தெரியும்டி. போயிட்டு வந்தவனெல்லாம் சொல்லிக் காட்டிருக்கான். உப்பு, புளி, வெலை, சில்லறை இல்ல. கடைச் சிங்களத்துக்குச் சிரிப்பு வராது. சிரிப்பு வீட்டுக்குள்ள படிக்கது."

அந்த வார்த்தை என்னை விடவே இல்லை. சிரிப்பு வீட்டுக்குள்ளே படிப்பது.

அதற்குப் பிறகு இன்னொன்று வந்தது. ஒரு பெண் மெதுவாக, ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினாள். பாஷை புரியாவிட்டாலும் அது தாலாட்டு என்பதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் பாட்டரியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவர், அந்தப் பாட்டோடு சேர்ந்து முனகினார். அவருக்கே தெரியாமல் முனகினார். அடுத்த அடி எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று அவர் தொண்டைக்குத் தெரிந்திருந்தது. எந்த ஆண் பிள்ளை எங்கே தாலாட்டுப் படிப்பான்? நான் எழுந்து அடுப்படிக்குப் போய் எரியாத அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.

ஆனிக் காற்று தொடங்கியது. கணவாயிலிருந்து இரைந்துகொண்டு வந்தது. மூங்கில் வளைந்து வளைந்து நிமிர்ந்தது. ஒரு நண்பகல் கம்பி அறுந்து துவைக்கிற கல்லின் மேல் வந்து விழுந்தது. என் வீட்டுக்காரர் போகிற வழியில் சொல்லிவிட்டுப் போனார் போல, மறுநாள் காலையில் பனையேறுகிற அண்ணன் வந்து நின்றார். வீட்டில் நான் மட்டும்தான்.

அறுந்த நுனியைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், "பலாவுல இனி இது நிக்காது பிள்ளே. கெட்டினா நல்ல உசரத்துல கெட்டணும். இல்லையா, சுருட்டி வச்சிரணும். எதுன்னு நீ சொல்லு."

"பனை மட்டும் ஆடாதா அண்ணே?"

"ஆடும். அதுக்குத்தான் உனக்க ஆளு கப்பி வாங்கி வச்சிருக்காரே. கம்பியைக் கப்பியில போட்டு, நுனியில ஒரு கல்லைக் கெட்டித் தொங்கவிட்டா, மரம் ஆடும்போது கல்லு ஏறி இறங்கும். கம்பி அறாது."

கப்பி வாங்கி வைத்திருப்பது எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்தேன். பாட்டரித் துணிகளுக்குக் கீழே, கிணற்றுக் கப்பியில் பாதி அளவில், புதிதாக ஒன்று இருந்தது. பலாவில் கட்டிய மூங்கிலுக்குக் கப்பி தேவைப்படவில்லை. அப்படியானால் பனை அவர் மனத்தை விட்டு ஒருநாளும் போகவில்லை. என்னிடம் சரி என்றுவிட்டு, எப்போதாவது ஒருநாள் என்று காத்திருந்திருக்கிறார்.

கப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சுருட்டி வைக்கச் சொல்லலாம். பெட்டி வெறும் பலகையாகக் கிடக்கும். அவர் சிரிப்பதையும் முனகுவதையும் நான் பார்க்க வேண்டியிருக்காது. ஆனால் என் காதில் விழவில்லை என்பதற்காக அங்கே ஒரு வீடு இருந்தால் அது இல்லாமல் போய்விடுமா? அக்காவும் கேட்காமல்தான் இருந்தாள். அரைகுறையாகக் கேட்டு அரைகுறையாகச் சந்தேகப்படுவதைவிட, கேட்பதை நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

"கொஞ்சம் நில்லுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு வேலியருகே போனேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அவன் கேட்டு நான் குடுக்கல்ல. இப்ப நீ வந்து கேக்கியா? அவன் அனுப்பினானா?"

"இல்ல அக்கா. எனக்குத்தான் வேணும். நல்லாக் கேக்கணும்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆட்டை இழுத்து வேலிக்காலில் கட்டினாள்.

"சரி, கெட்டு. மரமும் மண்ணும் எனக்குன்னு இந்த அண்ணன் சாட்சி. இன்னும் ஒண்ணு உண்டு. மேல ஏறுதவன் கூவிட்டுத்தான் ஏறணும். உனக்க கம்பி எப்பவும் மேலதான் கிடக்கும். அதனால பெட்டியைத் திருக்குததுக்கு முன்ன கூவணும். நான் குளிச்சிட்டு நிக்கையில எனக்க சத்தத்தை எவனும் கொழும்புல இருந்து கேக்கப்பிடாது."

"அக்கா, அங்க இருந்துதான் இங்க வரும். இங்க இருந்து ஒண்ணும் போவாது."

"அதை யாரு பாத்தா? வாற வழி இருந்தா போற வழியும் இருக்கும்."

உண்மையைச் சொன்னால் எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. "சரி, அவியகிட்ட கூவச் சொல்லுதேன்" என்றேன்.

"நல்லா இருக்குடி! ஒரு ஆம்பிளை தினமும் எனக்க வேலிப்பக்கம் நிண்ணு கூவினா ஊரு என்ன பேசும்? நீ கூவு."

அண்ணன் மரத்தடியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆலயத்திலேயே சத்தம் வராதவள் நான். ஆனாலும் தலையாட்டினேன். அவர் அடியில் நின்று கூவிவிட்டு ஏறினார். கப்பியை ஓலைக் கொண்டைக்குக் கீழே கட்டினார். நுனியில் ஒரு உடைந்த அம்மிக்கல் துண்டு தொங்கியது. காற்று அடிக்கும்போது அது மேலும் கீழும் போய் வந்தது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வரும் நேரத்துக்கு நான் பின்முற்றத்தில் போய் நின்றேன். முதல்முறை வாயைத் திறந்தபோது காற்றுதான் வந்தது. இரண்டாவது முறை ஒரு கோழி திரும்பிப் பார்த்தது. வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம். "கேக்கல்ல" என்றாள் அக்கா. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ரேடியோ திருக்குதோம்..." என்று கூவினேன். என் சத்தம் மதில் தாண்டிப் போய், தெருவில் யாரோ "என்னது?" என்று கேட்டார்கள். கண்ணைத் திறந்தபோது வீட்டுக்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு முற்றத்து மூலையில் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்தார். பிறகு பனையைப் பார்த்தார். கல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"யாரு கெட்டச் சொன்னது?"

"நான்தான்."

"கொழும்பு நல்லாக் கேக்குமே?" என்றார். அதை ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"கேக்கட்டும்" என்றேன்.

கேட்டது. இரைச்சல் ஒன்றும் இல்லாமல், அடுத்த அறையில் இருந்து பேசுவது போலக் கேட்டது. பாடுகிறவள் மூச்சு வாங்குவதுகூடத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அடுப்படி வாசலில் ஈரத்தலையோடு அக்கா வந்து நின்றாள். தான் ஒதுங்கிக்கொள்வதற்காகத்தான் கூவச் சொன்னாள். அந்தக் கூவலையே அழைப்பாக எடுத்துக்கொண்டு அன்றிலிருந்து தினமும் வந்தாள். நிலைப்படியைத் தாண்டி உள்ளே வரமாட்டாள். சிங்களப் பாட்டு முடியும் வரை அசையாமல் நிற்பாள்.

"இது சிங்களத்திதான?" என்று ஒருநாள் அவரிடம் கேட்டாள்.

"ஆமா அக்கா."

அக்கா தாலிக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு கடைசி வரை கேட்டாள். "நல்லாத்தான் பாடுதா, சண்டாளி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தத் தாலாட்டு மறுபடி வந்த அன்று அக்கா இல்லை. அவர் முனகத் தொடங்கினார். நான் நூல்கட்டையைக் கீழே வைத்தேன். முற்றத்தில் நின்று தினமும் கூவிக் கூவி என் சத்தம் எனக்குக் கொஞ்சம் பழகியிருந்தது.

"இந்தப் பாட்டை எங்க படிச்சிய?"

அவர் நிறுத்தினார். கொஞ்சம் வெட்கப்பட்டது போல இருந்தது. அது வெட்கமா, வேறா?

"கடைக்கு மேல மாடியில அந்தக் கட்டடத்துச் சொந்தக்காரச் சிங்களக் குடும்பம் இருந்தது. நான் போன புதுசுல அவங்களுக்குக் கைப்பிள்ளை. பலகைத் தரையில ஒரு ஓட்டை உண்டு. தொட்டில் கயித்தை அந்த ஓட்டை வழியா கீழ விட்டிருவாங்க. நான் ஒரு கையில வெங்காயம் நிறுப்பேன், மத்தக் கையால கயித்தை இழுப்பேன். அந்தம்மா மேல இருந்து பாடும். பிள்ளை அழுதா என்னையும் பாடச் சொல்லும். மூணு பிள்ளை அப்படி வளந்தது. அந்த வீட்டுலதான் சிங்களமும் படிச்சேன்."

"ஊருக்கு ஏன் வரல்ல? ஏழு வருசம்?"

"முதலாளி சம்பளத்தைக் கையில தரல்ல. மொத்தமாத் தாறேன்னு வச்சிருந்தாரு. கேக்க எனக்கு நாக்கு எழும்பல்ல."

இதைச் சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார். நான் நம்பினேனா என்றால், இல்லை. ஓட்டை, கயிறு, வெங்காயம், ஒரு கை, மற்றக் கை. எல்லாம் அவ்வளவு சரியாக இருந்தது. நடந்ததைச் சொல்கிறவரும் இப்படிச் சொல்வார். பலநாள் யோசித்து அடுக்கி வைத்தவரும் இப்படிச் சொல்வார். அக்கா கேட்டிருந்தால், "ஓட்டை வழியாக் கயிறு! நல்லாத்தான் நெய்திருக்கான்" என்றிருப்பாள். அதனால் நான் அவளிடம் சொல்லவில்லை. என்னிடமே வைத்துக்கொண்டு, அடுத்த ஆனி வரை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காற்றுக் காலத்தில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. உத்தரத்தில் சேலைத் தொட்டில் கட்டினோம். எங்கள் பக்கத்தில் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையாலோ, காலில் கயிற்றை மாட்டியோ ஆட்டுவோம். ஆணோ பெண்ணோ எல்லாரும் அப்படித்தான்.

ஒரு சாயங்காலம் நான் கம்பி கட்டிய குழாயடியில் அரிசித் தண்ணீரை ஊற்றிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குழந்தை சிணுங்கியிருக்கிறது. அவர் தொட்டில் கயிற்றை எடுத்து உத்தரத்துக்கு மேலே வீசி, அந்தப் பக்கம் இறங்கிய நுனியை இடது கையில் பிடித்திருந்தார். தொட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, வலது கையால் பாட்டரியின் பித்தளைத் திருகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இடது கை தலைக்கு மேலேயிருந்து கீழே, கீழேயிருந்து மேலே. இழுத்து விடுவார், மறுபடி இழுப்பார். தொட்டில் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. மேலே இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு தொட்டிலை ஆட்டிப் பழகிய கை அது. பக்கத்தில் உட்கார்ந்து தன் பிள்ளையை ஆட்டியவனுக்கு அந்தப் பழக்கம் வராது. முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆட்டியிருப்பான்.

நான் இருப்பது அவருக்குத் தெரியாது. தாலாட்டை முனகிக்கொண்டிருந்தார்.

கையில் காலிச் செம்போடு எவ்வளவு நேரம் நின்றேனோ, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

"ஏட்டி, குளிச்சி முடிச்சி எம்புட்டு நேரமாச்சு. இண்ணைக்குக் கூவலியா?"

பார்த்ததை அவளிடம் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால், என் வீட்டுக்காரருக்கு அங்கே வேறு வீடு இல்லை என்று அவள் நம்பவேண்டியிருக்கும். பிறகு சிங்களத்தி பாடுவதைத் தனியாக நின்று கேட்கவேண்டியிருக்கும். செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனேன்.

"ரேடியோ திருக்குதோம்..." என்று கூவினேன். உள்ளே குழந்தை விழித்து அழுதது. கயிறு மறுபடி இறங்கி ஏறியது.